ஒற்றைத் துளியை அளந்து பழகிய கருவி: 2008 ஆர்க்டிக் பறப்பில் சிக்கிய ஒரு பிழை

2008 வசந்தத்தில் பெருங்கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நோவா, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து ஓர் ஆய்வு விமானத்தை ஆர்க்டிக் மேகங்களுக்குள் அனுப்பியது. நான்கு எஞ்சின் கொண்ட டபிள்யூ.பி.-3டி விமானம் அது. திட்டத்தின் பெயர் ஆர்க்பாக். தெற்கிலிருந்து மிதந்து வரும் புகையும் தூசியும் ஆர்க்டிக் மேகங்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பது நோக்கம். அதற்கு மேகத்துளிகளை எண்ணவும் வேண்டும், ஒவ்வொன்றின் விட்டத்தை அளக்கவும் வேண்டும். இந்த வேலைக்காக விமானத்தில் கிளவுட் டிராப்லெட் புரோப் என்ற லேசர் கருவி இருந்தது. சுருக்கமாக சி.டி.பி. என்பார்கள். 2 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துளிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதற்கென்றே செய்யப்பட்டது.

அதே விமானத்தில் மேகத்தில் மொத்தம் எவ்வளவு திரவ நீர் இருக்கிறது என்பதை வேறு வழியில் அளக்கும் கருவியும் இருந்தது. சி.டி.பி. எண்ணிய துளிகளின் கன அளவையெல்லாம் கூட்டினால் அந்த மொத்த நீர் வர வேண்டும். வரவில்லை. ஆய்வகத்தில் செய்த அளவுத்திருத்தத்தை (தெரிந்த அளவுள்ள பொருளைக் கொடுத்துக் கருவியைச் சரிபார்ப்பதை) வைத்து எதிர்பார்க்கக்கூடிய பிழையைவிட மிகப் பெரிய வித்தியாசம். மேக ஆய்வாளர் சாரா லான்ஸும் கூட்டாளிகளும் இதைத் துருவிப் பார்த்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விமானக் கருவிகளின் துல்லியம் பற்றிப் பேசும்போது நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தச் சம்பவத்தைத்தான். கருவி பழுதாகவில்லை. அளவுகோலைத் திருத்திய பிறகு, ஒரு துளியைக் கொடுத்தால் சரியாகவே அளந்தது. கூட்டமாகக் கொடுத்தபோதுதான் தடுமாறியது.

கருவி செய்வது என்ன

சி.டி.பி.க்கு இரண்டு கைகள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மெல்லிய சிவப்பு லேசர் கற்றை போகிறது. விமானம் பறக்கும் வேகத்தில் காற்றும் துளிகளும் அந்த இடைவெளி வழியாகப் பாய்கின்றன. துளி கற்றையைக் கடக்கும் கணத்தில் ஒளியைச் சிதறடிக்கிறது. முன்பக்கமாக, ஏறத்தாழ 4 முதல் 12 டிகிரி கோணத்துக்குள் சிதறும் ஒளியைக் கருவி சேகரிக்கிறது. அந்த ஒளித்துடிப்பின் உயரத்திலிருந்து விட்டம் கணக்கிடப்படுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கற்றையின் எல்லா இடத்திலும் ஒளி ஒரே மாதிரி குவிவதில்லை. நடுவில், குவியம் சரியாக விழும் சிறு பகுதியில் கடக்கும் துளியை மட்டுமே நம்பி அளக்க முடியும். அதனால் சேகரித்த ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு உணரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஒன்று அளவு உணரி. துடிப்பின் உயரத்தைப் பதிவது. மற்றொன்று தகுதி உணரி. அதன் முன்னால் ஒரு சிறிய மறைப்பு இருப்பதால் சரியான இடத்தில் கடக்கும் துளியின் ஒளி மட்டுமே அதில் வலுவாக விழும். தகுதி உணரியின் சைகை அளவு உணரியோடு ஒப்பிடும்போது போதிய அளவு இருந்தால் அந்தத் துளி கணக்கில் சேரும், இல்லாவிட்டால் தள்ளிவிடும்.

இப்படி ஏற்கப்படும் பகுதிக்கு மாதிரிப் பரப்பு என்று பெயர். சி.டி.பி.யில் அது வெறும் 0.3 சதுர மி.மீ. அளவுதான். விமானம் நொடிக்கு 100 மீட்டர் போனால் ஒரு நொடியில் கருவி உண்மையில் பார்ப்பது 30 கன செ.மீ. காற்று. மேகத்தில் கன செ.மீ.க்கு 200 துளிகள் இருந்தால் நொடிக்கு 6,000 துளிகளை எண்ண வேண்டும். 0.2 மி.மீ. அகலமுள்ள கற்றையைக் கடக்க ஒரு துளிக்கு 2 மைக்ரோநொடி போதும். இந்த வேகத்தில் இவ்வளவு சிறிய பொருளை அளப்பதே பெரிய சாதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறை சொல்வது எளிது.

விட்டத்தில் வரும் பிழை ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்றால், நீரின் அளவு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விட்டத்தை 10 சதவீதம் கூட்டி அளந்தால் நீர் 33 சதவீதம் கூடிவிடும். 20 சதவீதம் என்றால் 73 சதவீதம். எண்ணிக்கையில் வரும் பிழை அப்படியே நிற்கும், விட்டத்தின் பிழை ஊதிப் பெருகும்.

மொத்த நீரை அளக்கும் கருவிகளில் பழக்கமானது சூட்டுக்கம்பி. அது வேலை செய்யும் விதம் சி.டி.பி.க்கு நேர்மாறு, எளிமை. ஒரு கம்பிச்சுருளை மாறாத வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். மோதும் துளிகள் ஆவியாகும்போது கம்பி குளிரும். மறுபடி சூடேற்றச் செலவாகும் மின்சாரமே நீரின் அளவைச் சொல்லிவிடும். 2 மி.மீ. தடிமனும் 2 செ.மீ. நீளமும் உள்ள சுருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் அது துடைத்தெடுப்பது 4 லிட்டர் காற்று. கன மீட்டருக்கு 0.3 கிராம் நீருள்ள மேகத்தில் நொடிக்கு 1.2 மில்லிகிராம் நீர் மோதும். அதைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 3 வாட் வேண்டும். அளக்கக்கூடிய அளவுதான். காற்று மட்டுமே கம்பியைக் குளிர்விக்கும் பங்கைக் கழிக்க வேண்டும். பெரிய துளிகள் முழுதாக ஆவியாகும் முன்பே தெறித்து ஓடிவிடும், மிகச் சிறியவை காற்றோடு வளைந்து கம்பியைத் தவிர்த்துவிடும். ஆனால் சாதாரண மேகத்துளி அளவில் சூட்டுக்கம்பி நம்பகமான சாட்சி. துளி எத்தனை என்று அதற்குத் தெரியாது. அதனால் கூட்டத்தைப் பார்த்துக் குழம்பவும் செய்யாது.

ஆய்வகத்தில் நடந்தது

இத்தகைய கருவிகளை வழக்கமாகக் கண்ணாடி மணிகளைக் கொண்டு திருத்துவார்கள். மணிகளின் விட்டம் துல்லியமாகத் தெரியும், ஆவியாகாது, புட்டியில் வைத்து எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் கண்ணாடி ஒளியை வளைக்கும் விதம் வேறு. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, நீருக்கு 1.33. ஆகவே மணியின் விட்டத்தை அப்படியே எடுக்க முடியாது. ஒளிச்சிதறல் கோட்பாட்டைக் கொண்டு அதற்கு இணையான நீர்த்துளி விட்டமாக மாற்ற வேண்டும். அந்த மாற்றம், கருவியின் ஒளியியல் வரைபடத்தில் உள்ளபடியே அமைந்திருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

லான்ஸ் குழு மணிகளோடு நிற்காமல், தெரிந்த விட்டமுள்ள நீர்த்துளிகளைத் தெரிந்த வேகத்தில் ஒவ்வொன்றாக உற்பத்தி செய்து கற்றைக்குள் அனுப்பியது. மணிகளும் பிளாஸ்டிக் உருண்டைகளும் கோட்பாட்டோடு ஒத்துப்போயின. நீர்த்துளிகள் ஒத்துப்போகவில்லை. உற்பத்தியாளரின் அளவுகோலை 2 மைக்ரான் நகர்த்த வேண்டியிருந்தது. லேசர் கற்றையின் அச்சோடு ஒளியியல் பாகங்கள் சற்று விலகியிருந்ததே இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று காட்டினார்கள். 10 மைக்ரான் துளிக்கு 2 மைக்ரான் என்பது ஐந்தில் ஒரு பங்கு. மணிகளை மட்டும் நம்பியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

துளியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, எந்த இடத்தில் விழுந்தால் கருவி ஏற்கிறது, எங்கே தள்ளுகிறது என்று பார்த்து மாதிரிப் பரப்பையும் நேரடியாக அளந்தார்கள். பொதுவாகத் தாளில் எழுதியிருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடும் இடம் இது. ஆனால் செறிவுக் கணக்கில், அதாவது ஒரு கன செ.மீ. காற்றில் எத்தனை துளிகள் என்ற கணக்கில், வகுக்கும் எண்ணே அந்தப் பரப்புதான். அது 20 சதவீதம் தப்பினால் செறிவும் அதே அளவு தப்பும்.

சரி, விட்டம் திருத்தியாயிற்று, பரப்பும் அளந்தாயிற்று. இதற்குப் பிறகும் பறப்புத் தரவு ஒத்துவரவில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு.

சந்தேகத்துக்குரியவை

சூட்டுக்கம்பி தவறாக இருந்திருக்கலாமா? அதன் பலவீனம் பெரிய துளிகளில் வெளிப்படும். பனித்துணுக்குகளா? ஆர்க்டிக் மேகங்களில் திரவமும் பனியும் கலந்தே கிடக்கும். பனிப்படிகம் கருவியின் முனையில் மோதிச் சிதறினால் நூற்றுக்கணக்கான போலித் துளிகள் கணக்கில் ஏறும். முந்தைய தலைமுறைக் கருவிகளில் காற்று உள்ளே போக ஒரு குழாய் இருந்ததால் இந்தத் தொல்லை அதிகம். சி.டி.பி.யின் கைகள் திறந்தவை. அதோடு முரண்பாடு பனி இல்லாத, திரவம் மட்டுமே உள்ள மேகங்களிலும் இருந்தது. அளவுத்திருத்தத்தில் இன்னும் ஏதாவது விட்டுப்போயிருக்குமா?

தரவிலேயே ஒரு துப்பு இருந்தது. சி.டி.பி. சொன்ன நீருக்கும் தனியாக அளந்த நீருக்கும் உள்ள விகிதம் மாறிக்கொண்டே இருந்தது. எதோடு மாறுகிறது என்று பார்த்தால், துளிகளின் செறிவோடு. செறிவு கூடக்கூட மிகைமதிப்பும் கூடியது.

என்னைப் பொறுத்தவரை வழக்கு இங்கேயே பாதி முடிந்துவிட்டது. விட்ட அளவுகோல் தப்பு என்றால் செறிவு குறைவான மேகத்திலும் அதே விகிதத்தில் தப்ப வேண்டும். மாதிரிப் பரப்பு தப்பு என்றாலும் அப்படியே. கருவி இருக்கும் இடத்தில் காற்றின் வேகம் விமானத்தின் வேகத்திலிருந்து வேறுபட்டால் அந்தப் பிழைக்கும் செறிவு பற்றிக் கவலையில்லை. செறிவோடு சேர்ந்து வளரும் பிழைக்குப் பொருத்தமான காரணம், துளிகள் ஒன்றுக்கொன்று இடையூறு செய்வது.

அதாவது உடன்நிகழ்வு: இரண்டு துளிகள் ஒரே நேரத்தில் கற்றைக்குள் இருப்பது.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பிழைதானே இது?

தெரிந்ததுதான். 1970களில் வந்த எஃப்.எஸ்.எஸ்.பி. என்ற முன்னோடிக் கருவியில் உடன்நிகழ்வும், மின்னணுச் சுற்று அடுத்த துளிக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் செயலற்ற நேரமும் பெரிய பிரச்சினைகள். டேரல் பாம்கார்ட்னர், வில்லியம் கூப்பர் போன்றவர்கள் 1980களிலேயே அதற்குத் திருத்தச் சூத்திரங்கள் எழுதினார்கள். புதிய கருவியில் மின்னணு வேகமானது, மாதிரிப் பரப்பு சிறியது. உடன்நிகழ்வை மாதிரிப் பரப்பை வைத்துக் கணக்கிட்டால் ஒன்றும் பெரிதாக வராது. போட்டுப் பாருங்கள்: 0.3 சதுர மி.மீ. பரப்பு, 0.2 மி.மீ. கற்றை அகலம், கன அளவு 0.06 கன மி.மீ. கன செ.மீ.க்கு 400 துளிகள் உள்ள மேகத்தில் அதற்குள் இருக்கும் சராசரித் துளிகள் 0.024. துணையோடு வரும் துளி நூற்றுக்கு இரண்டு, மூன்று. விட்டுவிடலாம்.

தப்பு இந்தக் கணக்கில் இல்லை, எந்தப் பரப்பை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. மாதிரிப் பரப்புக்கு வெளியே கடக்கும் துளி ‘தள்ளப்பட்டது’ என்றால், அதன் ஒளி அளவு உணரியில் விழவில்லை என்று பொருளல்ல. விழுகிறது. தகுதி உணரி அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான். தனியாக வந்தால் அந்தத் துளியால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அதே கணத்தில் உள்ளே ஒரு நல்ல துளி கடந்தால் இருவர் ஒளியும் அளவு உணரியில் கூடிவிடும். எடை பார்க்கும் மேடையில் ஒருவர் நிற்க, கீழே நிற்பவர் அதன்மேல் கையை ஊன்றுவது மாதிரி.

அளவு உணரியை இப்படிப் பாதிக்கக்கூடிய முழுப் பகுதியை லான்ஸ் குழு நீட்டிய மாதிரிப் பரப்பு என்று அழைத்து, அதையும் நீர்த்துளிகளைக் கொண்டே அளந்தது. மாதிரிப் பரப்பைவிட அது பல பத்து மடங்கு பெரிது. கணக்குக்காக 20 சதுர மி.மீ. என்று வைப்போம். கன அளவு 4 கன மி.மீ. ஆகிவிடும். அதே 400 செறிவில் சராசரியாக 1.6 துளிகள் எப்போதும் உள்ளே இருக்கும். ஒரு துளி முழுத் தனியாக வரும் வாய்ப்பு 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதம் துணையோடு வருகின்றன. செறிவு 100 ஆக இருந்தாலும் மூன்றில் ஒன்றுக்குத் துணை இருக்கும். துணைத்துளி ஓரத்தில் கடந்தால் அதன் ஒளி மங்கலாக இருக்கும், எல்லாத் துணையும் கெடுதல் செய்யாது. ஆனாலும் நூற்றுக்கு இரண்டு எங்கே, எண்பது எங்கே!

விளைவு இரண்டு வகை. முதலாவது, விட்டம் ஊதுவது. சிதறும் ஒளி தோராயமாக விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வெளித்துளி 40 சதவீதம் கூடுதல் ஒளி தந்தால் விட்டம் 18 சதவீதம் பெரிதாகத் தெரியும், நீர் 66 சதவீதம் கூடும். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. அளவு உணரியின் சைகை மட்டும் உயர்ந்து தகுதி உணரி உயராததால், சரியான இடத்தில் கடந்த நல்ல துளியும் தகுதித் தேர்வில் தோற்று வெளியேறும். எண்ணிக்கை குறையும். ஒரே நிகழ்வு ஒரு பக்கம் விட்டத்தைக் கூட்டுகிறது, மறு பக்கம் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

அளந்த நீட்டிய பரப்பை வைத்து மான்டி கார்லோ முறையில் கணினியில் துளிகளைக் குலுக்கிப் போட்டுப் பார்த்தார்கள். செறிவு கன செ.மீ.க்கு 200 ஆக இருக்கும்போதே இந்தப் பிழை முக்கியமாகிவிடுகிறது. 400ஐத் தாண்டினால் விட்டத்தில் 60 சதவீத மிகையும், எண்ணிக்கையில் 50 சதவீதக் குறைவும் வரக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். பறப்பில் கண்ட போக்கை விளக்க இது தேவைப்பட்டது. ஒற்றைத் துளி அளவுத்திருத்தம் எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் இது அதில் தென்படாது, ஏனென்றால் அங்கே துணைக்கு இன்னொரு துளியே இல்லை.

மொத்தம் பொருந்தினால் போதுமா

இந்தச் சம்பவத்திலிருந்து பலர் எடுத்துக்கொள்ளும் பாடம், சூட்டுக்கம்பியோடு ஒப்பிட்டுப் பார் என்பது. நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப எனக்குத் தயக்கம் உண்டு. எண்ணிக்கை பாதியாகக் குறைந்து, விட்டம் 26 சதவீதம் கூடினால் 1.26இன் மும்மடிப் பெருக்கம் 2. இரண்டும் சரியாகக் கழிந்து மொத்த நீர் அச்சு அசலாகப் பொருந்திவிடும். அறிக்கையில் ‘இரு கருவிகளும் நன்கு ஒத்துப்போகின்றன’ என்று எழுதிவிடலாம். துளி எண்ணிக்கையோ இரண்டு மடங்கு தப்பு. ஆர்க்பாக்கில் விட்டத்தின் மிகை எண்ணிக்கைக் குறைவை மிஞ்சியது நம் அதிர்ஷ்டம். மிஞ்சியிருக்காவிட்டால் முரண்பாடே தெரிந்திருக்காது.

ஆகவே பார்க்க வேண்டியது சராசரிப் பொருத்தத்தை அல்ல, செறிவு மாறும்போது விகிதம் நகர்கிறதா என்பதை. ஒரே பறப்பில் செறிவு குறைந்த மேகமும் கூடிய மேகமும் கிடைத்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை.

யாரைப் பாதிக்கும்

வளிமண்டல இயற்பியலாளர் ஷான் டூமி 1970களில் சொன்ன கருத்து இன்றும் பருவநிலைக் கணக்குகளின் மையத்தில் இருக்கிறது: காற்றில் துகள்கள் கூடினால் அதே நீர் அதிகத் துளிகளாகப் பிரியும், துளிகள் சிறுக்கும், மேகம் வெளுக்கும், அதிக வெயிலைத் திருப்பியனுப்பும். இதைச் சோதிக்கத் தூய மேகத்தையும் மாசுபட்ட மேகத்தையும் ஒப்பிடுவார்கள். இப்போது பிழையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். தூய மேகத்தில் 100 துளிகள், கருவி 90 என்கிறது. மாசுபட்டதில் 400, கருவி 200 என்கிறது. நான்கு மடங்கு உயர்வு 2.2 மடங்காகச் சுருங்கிவிட்டது. துளிகளும் உண்மையில் சிறுத்த அளவுக்குச் சிறுத்ததாகத் தெரியாது. எதை அளக்கப் போனோமோ, அந்த விளைவின் திசையிலேயே குறிவைத்துக் குறைக்கும் பிழை இது. தற்செயலாக இங்கும் அங்கும் சிதறும் பிழை என்றால் நிறைய அளந்து சராசரி எடுத்துச் சமாளிக்கலாம். இதை எத்தனை முறை அளந்தாலும் அதே பக்கம்தான் சாயும்.

மழை தொடங்கும் கட்டத்தைத் தேடுபவர்களுக்கும் இதே தலைவலி. துளிகளின் பயனுறு ஆரம் (பெரிய துளிகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து எடுக்கும் சராசரி ஆரம்) 14 மைக்ரானை நெருங்கினால் தூறல் எளிதாகும் என்பது பரவலாகப் பயன்படும் ஒரு குறி. ஊதிய விட்டத்தைக் கொண்டு பார்த்தால், அந்தக் கட்டத்தை இன்னும் எட்டாத மேகமும் எட்டிவிட்டதாகத் தோன்றும். செயற்கைக்கோள் சொல்லும் துளி அளவைச் சரிபார்க்க விமான அளவீட்டைத்தான் உரைகல்லாக வைக்கிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்து

அதிசயமான மருந்து ஒன்றும் இல்லை. அளவு உணரியின் முன்னாலும் ஒரு தகட்டை வைத்து, 0.8 மி.மீ. விட்டத்தில் துளை போட்டு, ஓரத் துளிகளின் ஒளி உள்ளே வராமல் தடுப்பது. நீட்டிய பரப்பு சுருங்குகிறது, துணைத்துளிகள் குறைகின்றன. இப்படி மாற்றிய சி.டி.பி. எவ்வளவு தேறியது என்பதை லான்ஸ் 2012இல் தனியாக வெளியிட்டார். உடன்நிகழ்வுப் பிழை வெகுவாகக் குறைந்திருந்தது. குறைந்தது என்றுதான் சொல்ல முடியும், நீங்கியது என்று அல்ல. புகை மண்டிய நிலப்பரப்பின் மேல் எழும் குவிமேகங்களில் செறிவு ஆயிரத்தைத் தாண்டும், அங்கே துளையிட்ட தகடும் திணறத்தான் செய்யும்.

மேகத்தை அப்படியே ஹோலோகிராமாக, அதாவது லேசர் கொண்டு எடுக்கும் முப்பரிமாணப் பதிவாகப் பிடித்து, ஒரு கன அளவிலுள்ள துளிகளையெல்லாம் ஒரே நொடிப்பொழுதில் பதியும் கருவிகளும் வந்துவிட்டன. துளிகள் ஒவ்வொன்றாக வர வேண்டும் என்ற நிபந்தனையே அவற்றுக்கு இல்லாததால் இந்தப் பிழையும் கிடையாது. பதிலுக்குக் கணினியில் படத்தை மீட்டெடுக்கும் வேலை மலைபோல் குவிகிறது. மிகச் சிறிய துளிகள் நழுவிவிடுகின்றன.

மாற்றம் செய்யாத கருவியில் எடுத்த பழைய தரவு கையில் இருந்தால் என்ன செய்வது? பின்னோக்கித் திருத்துவது கடினம். பெரும்பாலான கோப்புகளில் இருப்பது நொடிக்கு ஒருமுறை, இத்தனை மைக்ரானில் இத்தனை துளி என்ற பெட்டிக்கணக்கு மட்டுமே. 20 மைக்ரான் பெட்டியில் விழுந்தது உண்மையில் 20 மைக்ரான் துளியா, 16 மைக்ரான் துளியும் பக்கத்தில் ஒரு துணையுமா என்று அதிலிருந்து பிரித்தறிய வழியில்லை. துளி கற்றையைக் கடக்க எடுத்த நேரமும் பதிவாகியிருந்தால் ஓரளவு பிழைத்தோம். இரண்டு துளிகள் ஒட்டி வந்த துடிப்பு நீளமாக இருக்கும். செறிவு கூடும்போது சராசரிக் கடப்பு நேரமும் நீண்டுகொண்டே போனால், எந்தச் செறிவு வரை அந்தத் தரவைத் தொடலாம் என்று ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். அப்புறம், கோட்டுக்கு மேலே உள்ள மேகங்களை விட்டம், எண்ணிக்கை இரண்டுக்கும் விலக்கிவைத்துவிட்டு, மொத்த நீருக்குச் சூட்டுக்கம்பியின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதே நேர்மையான வழி.